பக்கவாதத்தில் தளர்ந்த கைக்குக் கண்ணாடிப் பயிற்சி

"ஒரு பக்கம் விழுந்துவிட்டது" என்று நம் ஊர்களில் சொல்வது வழக்கம். பக்கவாதம் என்றும் பாரிசவாயு என்றும் வழங்கும் இந்நோய் ஒரு வீட்டில் புகுந்தால், நோயாளியின் கை மட்டும் விழுவதில்லை. தறியில் ஏற்றிய பாவு ஏற்றியபடியே நிற்கிறது. குழித்தறியில் அமர்ந்து நாடாக் கயிற்றை இழுத்த கை மடியில் கிடக்கிறது. மண்வெட்டி பிடித்து மடை திருப்பிய கை, விரல்கள் மூடியது மூடியபடி விறைத்துப் போகிறது. வரவு நின்ற அதே வேளையில்தான் வைத்தியச் செலவும் வந்து சேர்கிறது.

அண்மைக் காலமாக நகரத்து மருத்துவமனைகள் சிலவற்றில், பக்கவாதம் கண்டவர்களின் கண்களை மறைத்துக் கவசம் போன்ற ஒரு கருவியை மாட்டி, இல்லாத காட்சியை இருப்பதுபோல் காட்டி, அதன் வழியே கைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். இதைப் பற்றிய செய்திகளும் படங்களும் பரவலாக வருகின்றன. படிப்பவர்க்கு ஆசை எழுவது இயல்பு. கடன் வாங்கியாவது அந்தச் சிகிச்சையைப் பெற வேண்டுமோ, அது கிடைக்காவிட்டால் கை போனது போனதுதானோ என்ற கவலையும் உடன் எழுகிறது. இக்கவலைக்கு நேரான விடை ஒன்று உண்டு. அதைக் கூறுமுன், தளர்ந்த கை மீண்டும் எவ்வாறு வேலை கற்கிறது என்பதைச் சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றுக்கு இவ்விஷயத்தில் எவ்வளவு பெரிய இடம் உண்டு என்பது அப்போது விளங்கும்.

கையில் குறையில்லை

பக்கவாதத்தில் கைக்கோ காலுக்கோ நேராக ஊறு எதுவும் நேர்வதில்லை. எலும்பும் தசையும் நரம்பும் முன்போலவே இருக்கின்றன. ஊறு நேர்வது மூளையில். மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் ஒன்று அடைபடுகிறது. அல்லது வெடித்துக் கசிகிறது. அடைப்பினால் வருவதே பெரும்பான்மை. இரத்தம் கிடைக்காத பகுதி சில நிமிடங்களிலேயே மாளத் தொடங்குகிறது. மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் ஆள்வதால், இடப்பாதியில் அடைப்பு நேர்ந்தவருக்கு வலக்கை தளர்கிறது. அவர்களிற் பலருக்குப் பேச்சும் சேர்ந்து தடுமாறுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். முகம் ஒரு பக்கம் கோணினாலும், தூக்கிய கை ஒன்று தானே கீழிறங்கினாலும், பேச்சுக் குழறினாலும் உடனே 108 ஊர்தியை அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். ஸ்கேன் எடுத்து, கசிவு இல்லை என்று தெளிந்த பிறகே அதைச் செலுத்துவார்கள். ஆகவே அதற்கு ஒரு மணி நேரமாவது முன்னதாக வாசலை அடைந்திருப்பது நலம். புறா இரத்தம் பூசிப் பார்ப்போம், பொழுது விடியட்டும் என்று காத்திருப்பதனால் இழப்பது திரும்ப வராது. நாம் இனிக் கூறப்போவதெல்லாம் இந்த ஆபத்தைக் கடந்து, வைத்தியர் பயிற்சிக்கு அனுமதித்த பிறகு செய்ய வேண்டியவை.

மாண்டுபோன மூளைப் பகுதி மீண்டும் முளைப்பதில்லை. ஆயினும் அதைச் சுற்றியுள்ள பகுதிகள் அந்த வேலையில் ஓரளவைக் கற்றுக்கொள்ளும் ஆற்றல் உடையவை. வாய்க்கால் ஓரிடத்தில் தூர்ந்து போனால் பக்கத்து வரப்பை வெட்டிச் சிறு கால் வழியே நீரைக் கொண்டு போகிறோம் அல்லவா? முதலில் சிறிதளவே நீர் போகும். போகப் போகக் கால் அகலும். நீர் விடாமல் வைத்தால் அச்சிறு காலும் புல் மூடிப் போகும். மூளையிலும் ஏறக்குறைய இவ்வாறே நடக்கிறது. நல்ல கையாலேயே எல்லாவற்றையும் செய்துகொள்ளப் பழகிய நோயாளி, தளர்ந்த கையை மறந்தே விடுகிறார். சிறிது அசையக்கூடிய கையும் இதனால் அசையாக் கையாகிறது.

இந்தக் கற்றல் நடைபெற வேண்டுமானால் ஒரே அசைவைப் பலமுறை திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். எத்தனை முறை? நெசவாளர்க்கு இக்கணக்கு எளிது. அங்குலத்திற்கு 60 ஊடை வீதம் ஒரு கெஜம் துணி நெய்ய 2,160 முறை நாடாக் கயிற்றை இழுக்க வேண்டும். தறி பழகிய கை அப்படித்தான் பழகியது. ஆனால் வட அமெரிக்காவில் பக்கவாத நோயாளிகளுக்கு அளிக்கப்பட்ட 312 பயிற்சி அமர்வுகளை உடனிருந்து எண்ணிப் பார்த்து 2009-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கைக்கு வேலை கொடுத்த அமர்வுகளில் ஏறக்குறையப் பாதியில்தான் பொருளை எடுத்தல், வைத்தல் போன்ற பயனுள்ள அசைவுகள் பயிற்றப்பட்டன. அவற்றிலும் ஓர் அமர்வுக்குச் சராசரி 32 முறைதான்! வசதி மிக்க நாட்டின் நிலையே இது. கையை மீட்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது எந்தக் கருவி என்பதன்று. நாளொன்றுக்கு எத்தனை அசைவு என்பதே.

ஆனால் சிறிதும் அசையாத கையை எவ்வாறு அசைத்துப் பழகுவது? அங்கேதான் கண்ணாடி வருகிறது.

கண்ணாடி வந்த கதை

தமிழ்நாட்டில் 1951-ஆம் ஆண்டு பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் வி. எஸ். ராமச்சந்திரன். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் வரைவுக் குழுவில் அங்கம் வகித்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இவருடைய பாட்டனார். கை துண்டிக்கப்பட்டவர்களிற் பலருக்கு, இல்லாத அந்தக் கை இருப்பது போலவும், அது இறுக மூடிக்கொண்டு வலிப்பது போலவும் தோன்றுவதுண்டு. இல்லாத கையின் வலிக்கு எங்கே மருந்து பூசுவது? ராமச்சந்திரன் ஒரு பெட்டியின் நடுவில் கண்ணாடி ஒன்றை நிறுத்தி, நல்ல கையை அதன் முன் வைக்கச் சொன்னார். கண்ணாடியில் தெரியும் பிம்பம், இழந்த கை இருந்த இடத்தில் இருப்பது போலவே தோன்றியது. நல்ல கையை விரித்தபோது பிம்பமும் விரிந்தது. அந்தக் கணமே, இல்லாத கையும் விரிந்ததாகச் சிலர் உணர்ந்தார்கள். வலி தணிந்ததாகவும் கூறினார்கள். இவ்விவரங்கள் 1995, 1996 ஆண்டுகளில் வெளியாயின. மின்சாரமோ ஊசியோ இல்லாத இந்தப் பெட்டி அறிவுலகத்தில் பெரும் வியப்பை விளைவித்தது.

துண்டிக்கப்பட்ட கைக்கு உதவுவது தளர்ந்த கைக்கும் உதவாதா என்பதே அடுத்த கேள்வி. ஆல்ட்ஷூலர் என்பவரும் ராமச்சந்திரன் உள்ளிட்ட துணைவர்களும் ஒன்பது பக்கவாத நோயாளிகளிடம் இதைச் சோதித்து, 1999-ஆம் ஆண்டு லான்செட் என்னும் மருத்துவ ஏட்டில் வெளியிட்டார்கள். நோய் கண்டு ஆறு மாதமேனும் கடந்தவர்கள் அவர்கள். நாளுக்கு இரு வேளை, வேளைக்குப் பதினைந்து நிமிடம், வாரத்தில் ஆறு நாள் என்று, நான்கு வாரம் கண்ணாடியை வைத்தும் நான்கு வாரம் ஊடுருவித் தெரியும் தகட்டை வைத்தும் பயின்றார்கள். கண்ணாடி வைத்த காலத்தில் கையின் அசைவு கூடுதலாகத் தேறியது. ஒன்பது பேரைக் கொண்டு உறுதி எதுவும் கூற முடியாது என்பது உண்மையே. ஆனால் வழி திறந்தது.

2008-இல் துருக்கி நாட்டில் 40 பேரை இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். இரு பிரிவினருக்கும் வழக்கமான பயிற்சி உண்டு. அதன்மேல் நாளுக்கு அரை மணி நேரம், ஒரு பிரிவினர்க்குக் கண்ணாடியின் முகப்பு; மற்றப் பிரிவினர்க்கு அதன் பின்புறம். நான்கு வாரப் பயிற்சிக்குப் பின் முகப்பைப் பார்த்தவர்களின் கை கூடுதலாகத் தேறியது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தேற்றம் நின்றது. ஆனால் தசை விறைப்பு இதனால் குறையவில்லை. இதையும் அவர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். 2009-இல் ஜெர்மனியில், கை அறவே தளர்ந்த 36 பேரிடம் செய்த சோதனையில் விரல்கள் ஓரளவு பயன் பெற்றன. 2018-ஆம் ஆண்டில் காக்ரேன் என்னும் ஆய்வுத் தொகுப்பு அமைப்பினர் அதுவரை நடந்த 62 ஆய்வுகளை, மொத்தம் 1,982 நோயாளிகளின் விவரங்களை, ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். கண்ணாடிப் பயிற்சி கை கால் அசைவையும், உண்ணல் உடுத்தல் போன்ற அன்றாடக் காரியங்களையும் மேம்படுத்துகிறது என்றே அவர்கள் முடிவு கண்டார்கள். பழைய பயிற்சிக்குப் பதிலாக அன்று, அதனோடு சேர்த்துச் செய்வதே முறை என்பதையும் சொன்னார்கள்.

இது எவ்வாறு நடக்கிறது? அறிஞர்கள் அனைவரும் ஒருமுகமாக இல்லை. கண்ணால் காணும் அசைவு, அடிபட்ட மூளைப் பாதியில் கையை ஆளும் பகுதியைத் தட்டி எழுப்புகிறது என்பது ஒரு சாரார் கருத்து. மறந்துபோன கையின்மேல் நோயாளியின் கவனம் திரும்புவதே முக்கியம் என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது. கையை அசைக்க முயன்று முயன்று தோற்றவருக்கு, தன் கை அசைவதுபோல் ஒரு தரமேனும் காண்பது எவ்வளவு பெரிய ஊக்கம் என்பதை ஏடுகள் அதிகம் எழுதுவதில்லை.

வீட்டில் செய்யும் முறை

ஒன்றரை அடி உயரமும் இரண்டடி நீளமும் உள்ள, உருவம் கோணாமல் காட்டும் கண்ணாடி போதும். உடையாத அக்ரிலிக் தகடாக இருப்பின் மிக நன்று. கண்ணாடியே ஆனால் நான்கு ஓரங்களுக்கும் சட்டம் போட வேண்டும். தளர்ந்த கையில் வெட்டுப்பட்டால் நோயாளிக்கு உணர்வு தெரியாமல் போகலாம். அது சாயாதிருக்க அடியில் இரண்டு மரக்கட்டைகளைக் குறுக்காகப் பொருத்தித் தரத் தச்சர் ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகும்.

நோயாளியை முதுகு சாயும் நாற்காலியில் அமர்த்தி, முழங்கைகள் தாங்கும் உயரத்தில் மேசை போட வேண்டும். கண்ணாடியை மார்புக்கு நேரே, மூக்கின் நேர்கோட்டில், நீளவாக்கில் நிறுத்த வேண்டும். அதன் முகப்பு நல்ல கையின் பக்கம் இருக்கட்டும். தளர்ந்த கை கண்ணாடிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாதவாறு, மெத்தென்ற துணியின்மேல் இருக்கட்டும். கண்ணாடியில் இடக்கை வலக்கையாகத் தெரியும் என்பதை நாம் அறிவோம். ஆகவே வலக்கை தளர்ந்தவர் தம் இடக்கையின் பிம்பத்தைப் பார்க்கும்போது வலக்கையையே பார்ப்பது போல இருக்கும்.

இவ்விடத்தில் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். நல்ல கையில் உள்ள மோதிரம், வளையல், கடிகாரம், மந்திரித்த கயிறு ஆகியவற்றைப் பயிற்சி நேரத்தில் கழற்றிவிட வேண்டும். தளர்ந்த கையில் இல்லாத வளையல் பிம்பத்தில் தெரிந்தால், 'இது என் கையன்று' என்று மனம் உடனே கண்டுகொள்ளும். சுமங்கலிப் பெண்கள் வளையலைக் கழற்றத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். அதே நிற வளையலைத் தளர்ந்த கையிலும் போட்டுவிட்டால் காரியம் முடிந்தது.

முதல் சில நிமிடம் எதையும் அசைக்காமல் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். பிறகு நல்ல கையை மெதுவாக அசைக்கட்டும். உள்ளங்கையை மேலும் கீழுமாகப் புரட்டுதல், மணிக்கட்டைத் தூக்கி இறக்குதல், கையை மூடி விரித்தல், ஒவ்வொரு விரல் நுனியையும் கட்டைவிரலில் தொடுதல் என்று எளியதிலிருந்து கடினத்துக்குப் போகலாம். கண் கண்ணாடியை விட்டு அகலலாகாது. மனத்தில், அசைவது தளர்ந்த கையே என்று எண்ண வேண்டும். பின்னால் இருக்கும் கையும் இயன்ற அளவு அதே அசைவைச் செய்ய முயலட்டும். இயலாவிட்டாலும் முயற்சி போதும். வேகம் வேண்டாம். வேகம் கூடினால் முன்னும் பின்னும் உள்ள கைகளின் வேற்றுமை மனத்துக்குப் புலப்பட்டுவிடும்.

ஓரிரு வாரத்துக்குப் பின் பொருள்களைக் கையாளலாம். ஊடை சுற்றிய தார்க்குச்சி, தம்ளர், சிறு துணிப்பந்து, துணி உலர்த்தும் கிளிப்பு எவையாயினும் சரி. நெசவாளர் ஒருவருக்குத் தார்க்குச்சியை எடுத்து வைக்கும் அசைவு பல்லாண்டு பழகியது. பழகிய அசைவையே கொடுப்பது நல்லதென்பது நம் கருத்து. நாளுக்கு இரண்டு தரம், தரத்துக்குப் பதினைந்து நிமிடம் போதுமானது. வாரத்தில் ஐந்தாறு நாளும், நான்கிலிருந்து ஆறு வாரமும் தொடர்ந்து செய்ய வேண்டும். வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவை அந்நேரத்தில் அணைந்திருக்கட்டும். ஒவ்வொரு நாளும் எத்தனை அசைவு என்பதைப் பேரக்குழந்தை ஒன்று நோட்டில் குறித்துவைக்கலாம். பிள்ளைகள் இதை மிகுந்த உற்சாகத்துடன் செய்வார்கள்.

கண்ணாடி முடிந்ததும் தளர்ந்த கையை மூலையில் போட்டுவிடக் கூடாது. சிறிதேனும் அசையும் கையாயின், அடுத்த அரை மணி நேரம் அதற்கு நேரான வேலை கொடுக்க வேண்டும். சோற்றுத் தட்டைப் பிடித்துக்கொள்வது, தலையணை உறையை இழுத்துவிடுவது போன்றவை. கண்ணாடி கதவைத் தட்டுகிறது என்று கொண்டால், உள்ளே போக வேண்டியது இந்த வேலைகள்தாம்.

காலுக்கும் இம்முறை உண்டு. துருக்கியிலேயே 2007-இல், 40 பேரிடம், இரு கால்களுக்கும் நடுவே நீண்ட கண்ணாடியை வைத்து நல்ல பாதத்தை மேல்நோக்கி மடக்கச் செய்து பயன் கண்டிருக்கிறார்கள். உட்கார்ந்தே செய்ய வேண்டும். நின்றுகொண்டு செய்வது ஆபத்து.

கவசக் கருவியின் மதிப்பு

விர்ச்சுவல் ரியாலிட்டி என்று ஆங்கிலத்தில் வழங்குவதைத் தமிழில் மெய்நிகர்க் காட்சி என்பர். கண்ணுக்கு ஒன்றாக இரு சிறு திரைகள் உள்ள கவசத்தை முகத்தில் மாட்டினால், வெளியுலகம் மறைந்து வேறோர் இடம் சூழத் தெரிகிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. 1968-இல் அமெரிக்கரான ஐவன் சதர்லண்ட் இத்தகைய கருவியை முதலில் செய்தபோது, அதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டே தலையில் மாட்ட வேண்டியிருந்தது! இன்று அரைக் கிலோ எடையில் வந்துவிட்டது. கவசம் இல்லாமல், எதிரே உள்ள திரையையும் உடலசைவை அறியும் கருவியையும் கொண்டு செய்யும் எளிய வகைகளும் உண்டு.

இதில் நோயாளி மரத்தில் தொங்கும் பழத்தைப் பறிக்கிறார். குவளையில் நீர் ஊற்றுகிறார். வண்டிகள் வரும் சாலையைக் கடக்கிறார். தவறினாலும் நீர் சிந்தாது, வண்டி மோதாது. எத்தனை முறை கை நீண்டது, எவ்வளவு தூரம் சென்றது என்பதைக் கருவியே கணக்கிடுகிறது. கண்ணாடியின் வேலையையும் இது செய்ய வல்லது: நல்ல கையின் அசைவைப் பதிந்து, காட்சியில் தளர்ந்த கை அசைவதாகக் காட்டிவிடலாம். சட்டமும் ஓரமும் இல்லாத கண்ணாடி என்றே இதைச் சொல்லலாம்.

இவ்வளவு சிறப்புகள் இருந்தும் பயன் எவ்வளவு? கானடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் 141 நோயாளிகளிடம் நடத்திய சோதனை 2016-இல் வெளியாயிற்று. அனைவர்க்கும் வழக்கமான பயிற்சி உண்டு. அதன்மேல் ஒரு பிரிவினர் கையில் பிடித்து ஆட்டும் வீ என்னும் திரை விளையாட்டுக் கருவியில், தலா ஒரு மணி வீதம் பத்து அமர்வுகள் விளையாடினார்கள். மற்றப் பிரிவினர் அதே நேரம் சீட்டாடினார்கள், மரக்கட்டைகளை அடுக்கினார்கள், பந்து விளையாடினார்கள். முடிவில் இரு பிரிவினரின் கையும் தேறியது. ஆனால் எந்திரத்தில் ஆடியவர்கள் சீட்டாடியவர்களைவிட ஒரு படியும் மேலே போகவில்லை. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பல்லாங்குழியையும் தாயக்கட்டையையும் இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டோம். சோழியை ஒவ்வொன்றாகக் குழியில் இடுவது விரல்களுக்குச் சாமானியமான வேலையா?

காக்ரேன் அமைப்பினர் 2017-இல் இத்துறையின் 72 ஆய்வுகளை, 2,470 பேரின் விவரங்களைத் திரட்டிக் கண்டதும் இதற்கு ஒத்ததே. வழக்கமான பயிற்சிக்குப் பதிலாக, அதே நேர அளவுக்கு மெய்நிகர்க் காட்சியைக் கொடுத்தால் கையின் வேலைத்திறனில் கூடுதல் நன்மை இல்லை. வழக்கமான பயிற்சியோடு சேர்த்து, மொத்தப் பயிற்சி நேரத்தைக் கூட்டினால் நன்மை உண்டு. அதாவது, கருவியின் பயன் பெரிதும் அது கூட்டித் தரும் பயிற்சியிலேயே இருக்கிறது. சலிப்பால் பயிற்சியைக் கைவிடுபவரை அது இன்னும் நூறு முறை கை நீட்டச் செய்யுமாயின், அந்த அளவுக்கு அது நல்ல கருவியே.

ஆகவே முதலில் எழுப்பிய கேள்விக்கு விடை இதுதான். அருகில் உள்ள மருத்துவமனையில் இக்கருவி கிடைக்குமாயின் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அதற்காகத் தறியை விற்கவோ நிலத்தை அடகு வைக்கவோ வேண்டுவதில்லை. அது கிடைக்காததனால் கை திரும்பாது என்று மனம் உடையவும் வேண்டுவதில்லை.

எச்சரிக்கைகள்

கண்ணாடியும் கவசமும் எல்லோர்க்கும் ஏற்றவை அல்ல. சொல்வதைப் புரிந்துகொள்ள இயலாதவர், கவனம் நிலைக்காதவர், பார்வை மிகக் குறைந்தவர் ஆகியோருக்குக் கண்ணாடி பயன்படாது. பிம்பத்தைப் பார்த்ததும் சிலருக்குத் தலை சுற்றும்; குமட்டும்; சிலர் இழந்ததை நினைத்து அழுதுவிடுவதும் உண்டு. அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் சிறிது நேரம் மட்டும் முயல வேண்டும். கவசத்தை மாட்டுவதற்கு முன், வலிப்பு வந்தது உண்டா என்பதை வைத்தியரிடம் சொல்லியாக வேண்டும். அதை உட்கார்ந்த நிலையிலேயே, ஒருவர் அருகில் இருக்கையில்தான் அணிய வேண்டும்.

தளர்ந்த கையைப் பிடித்து நோயாளியைத் தூக்குவதும், அந்தக் கையைத் தலைக்கு மேல் இழுத்து 'வசக்குவதும்' நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கின்றன. தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் சோர்ந்திருப்பதால் மூட்டு எளிதில் இறங்கிவிடும். அதன் பின் வரும் வலியினாலேயே பயிற்சி நின்றுபோன வீடுகள் உண்டு.

வீட்டாரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாமா என்பதும் கேட்கத் தக்கதே. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடத்திய பெரிய சோதனை ஒன்றின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. வீட்டில் ஒருவருக்குப் பயிற்சி முறைகளைக் கற்பித்து அவரைக்கொண்டே நோயாளியைத் தேற்றலாம் என்பது அதன் நோக்கம். ஆறு மாதம் சென்று பார்த்தபோது, இறந்தோரும் பிறர் உதவியின்றி இயலாதோரும் சேர்ந்து, கற்பித்த பிரிவிலும் கற்பிக்காத பிரிவிலும் 47 விழுக்காடாகவே இருந்தனர். வீட்டாரின் அன்பில் குறை என்று இதற்குப் பொருளில்லை. பயிற்சியை அவ்வப்போது பார்த்துத் திருத்தி, அடுத்த படிக்கு ஏற்ற, கற்றவர் ஒருவர் வேண்டும் என்றே நாம் கொள்கிறோம். நெதர்லாந்தில் 2011-இல் வெளியான சோதனை இதற்கு ஒரு வழி காட்டுகிறது. நோய் கண்டு ஆண்டுகள் கடந்த 40 பேர் அதில் பங்குகொண்டனர். வாரம் ஒரு நாள் நிலையத்தில் மேற்பார்வை, ஐந்து நாள் வீட்டில் ஒரு மணி நேரப் பயிற்சி, ஆறு வாரம். கண்ணாடியில் பயின்றவர்களின் கை சிறிதளவு கூடுதலாகத் தேறியது. பயிற்சி நின்று ஆறு மாதமானபின் அந்தக் கூடுதல் தங்கவில்லை. நீர் விடாத காலின் கதைதான்.

அந்த மேற்பார்வைக்கு எங்கே போவது? தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி அளிப்பதும் ஓர் அங்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கேட்கலாம். இயன்முறை மருத்துவர் வரும் நாளில் கண்ணாடியை எடுத்து வைத்து, "இவருக்கு இது ஏற்றதா? எந்த அசைவில் தொடங்கலாம்? அடுத்த முறை வரும்வரை நாளுக்கு எத்தனை?" என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நோட்டில் குறித்த கணக்கையும் காட்டுங்கள்.

நம் சங்கங்களுக்கும் ஒரு யோசனை. மருந்து தெளிப்பான்களையும் உழவுக் கருவிகளையும் வாங்கி வைத்து அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு விடும் சங்கங்கள் உண்டு. அதே அலமாரியில், கட்டை பொருத்திய கண்ணாடிகள் இரண்டை, கைக்கு ஒன்றும் காலுக்கு நீண்டது ஒன்றுமாக, வைத்திருக்கச் சங்கத்துக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். வாடகை வேண்டாம், ஆறு வாரத்துக்கு இரவல் என்று பதிவேட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். பயிற்சி முறையை ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியின் பின்புறம் ஒட்டி வைக்கலாம். ஒட்டும் முன் அதை ஓர் இயன்முறை மருத்துவரிடம் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். ஆறு வாரம் கழித்து இன்னும் வேண்டும் என்று கேட்பவருக்கு, வேறு யாரும் காத்திருக்காவிட்டால், மேலும் ஆறு வாரம் எழுதிக் கொடுக்கலாம்.